நூற்று முப்பத்தெட்டாம் நம்பர் வண்டி

நவம்பர் மாதம். சாயங்காலம் ஐந்தரை மணி.

கேட்லின் ஊரிலிருந்து ஆற்றுப் பாலத்துக்குப் போகிற சரளைச் சாலை. பத்து மைல். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்கொல்லை... வெறும் அடித்தட்டை. வீடு என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, அதுவும் பாலத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம். இருட்டிவிட்டால் அந்தச் சாலையில் ஒரு நாய்கூடப் போகாது.

அடுப்பில் இன்னொரு கட்டையைப் போடுங்கள். கதவைச் சாத்துங்கள். ஓவன் லிங்கல் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் சொல்கிறேன். இது அவனுடைய அக்காள் புருஷனுக்கு நடந்தது. அவன் இருக்கும்போது சொன்னால் எழுந்து போய்விடுவான்.

அக்காள் புருஷன் பெயர் லெம்யூல் பார்ச். லெம் என்பார்கள். அன்றைக்கு ஐந்தரை மணிக்கு ஹேல்பெக் மோட்டார் கார் கம்பெனியின் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தான். கம்பெனி மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஏலம் போடுகிற வரைக்கும் இயந்திரங்கள் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைக்க ஓர் ஆள் வேண்டும் என்று லெம்மை மட்டும் வைத்திருந்தார்கள். முந்நூறு பேர் கத்திக்கொண்டிருந்த கொட்டகையில் இப்போது இவனும் ஓர் இரும்பு அடுப்பும் மட்டும்தான்.

கார் சத்தம் கேட்டது.

ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. வாசல் கதவைத் தாண்டிப் பாலத்துப் பக்கம் போகிறது. டப்-டப்-டப்... ஒரு இருமல்... டப்-டப்-டப்... ஒரு இருமல். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. லெம் கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். ஹேல்பெக் மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பதினோரு வண்டி செய்து விற்றது. அத்தனையையும் அவனுக்குச் சத்தத்திலேயே தெரியும். இந்த இருமல் எந்த வண்டிக்கு என்றும் தெரியும்.

நூற்று முப்பத்தெட்டு.

ஆனால் நூற்று முப்பத்தெட்டு ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே பாலத்துக்கடியில் கிடந்து நொறுங்கிவிட்டது. அதை ஓட்டிப் போன டாக்டரும் போய்விட்டார்.

ஓடி வந்து கதவைத் திறந்து பார்த்தான். சாலையில் ஒன்றும் இல்லை. விளக்கு இல்லை, தூசி இல்லை. வாசனை மட்டும் இருந்தது... கிளட்ச்சில் ஒட்டியிருக்கிற தோல் தீய்ந்த வாசனை.

லெம்முக்கு அந்த வாசனை பழக்கம். ஹேல்பெக்கில் அவன்தான் சோதனை ஓட்டுநர். மேல்கூடு போடுவதற்கு முன்னால் வெறும் இரும்புச் சட்டம், எஞ்சின், நாலு சக்கரம், அவ்வளவுதான் வண்டி. உட்கார ஒரு சோப்புப் பெட்டியை ஆணி அடித்து வைத்திருப்பார்கள். ஆட்களின் எடைக்குப் பதிலாகப் பின்னால் இரண்டு மணல் மூட்டை. அதைப் பாலம் வரைக்கும் இரண்டு தரம் ஓட்டித் திரும்ப வேண்டும். நாற்பது மைல். மழையோ பனியோ, எதுவும் மறைக்காது. சக்கரம் வாரி அடிக்கிற சேறு முழுக்க மூஞ்சியில்தான். திரும்பி வந்ததும் சோதனை அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அவன் கையெழுத்து இல்லாமல் ஒரு வண்டியும் வெளியே போகாது.

ஃபோர்மன் கஸ் ரைனர் கிண்டல் செய்வான். "லெம், உன் மூஞ்சியைச் சுரண்டினா ரெண்டு ஏக்கருக்குச் சோளம் விதைக்கலாம்டா!"

"விதைச்சுக்கோ. அறுவடையில பாதி எனக்கு" என்பான் லெம்.

முதல் வருஷம் சோதனை ஓட்டம் இருக்கிற நாளில் ஒரு வண்டி. அடுத்த வருஷம் இரண்டு. மூன்றாவது வருஷம், பெரிய கம்பெனிகளோடு போட்டி என்று, விடிவதற்கு முன் தொடங்கி மூன்று. அந்த வருஷம்தான் வீட்டில் குழந்தை பிறந்தது. ஓபல் என்று பெயர். ராத்திரி பூராவும் வயிற்று வலியில் கத்தும். லெம்மும் அவன் மனைவி ஹெஸ்டரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். காலையில் அப்படியே போய் ஸ்டீரிங்கைப் பிடிப்பான். எஞ்சின் நின்ற பிறகும் உடம்புக்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு மேஜையில் கரண்டி தட்டில் இடித்துச் சத்தம் போடும்.

அக்டோபரில் ஒரு நாள். கொட்டுகிற மழை. அன்றைக்கு மூன்றாவது வண்டி, நூற்று முப்பத்தெட்டு. கிளப்பும்போதே இருமியது. ஊரைத் தாண்டி மூன்றாவது மைலில், ஆள் இல்லாத ஒரு பழைய களஞ்சியம். ஐந்து நிமிஷம் ஒதுங்கலாம் என்று வண்டியை உள்ளே விட்டான் லெம். வைக்கோல் காய்ந்து இருந்தது. கதகதப்பாக இருந்தது.

கண் விழித்தபோது மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மழையும் விட்டிருந்தது.

இனி நாற்பது மைல் ஓட்ட முடியாது. குட்டைத் தண்ணீரை வாரிச் சக்கரங்களில் அடித்தான். நேரே கம்பெனிக்குத் திரும்பினான். அட்டையில் கையெழுத்துப் போட்டான். 'நாற்பது மைல். குறை இல்லை.'

கஸ் அட்டையைப் பார்த்தான். அப்புறம் லெம்முடைய கோட்டைப் பார்த்தான். பாதி காய்ந்திருந்தது.

"என்னடா லெம், மழை உன்னைக் கண்டு பயந்துடுச்சா?"

லெம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கஸ் அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாளே வண்டிக்கு மேல்கூடு ஏறியது.

இதில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதம் வந்த முன் அச்சுகளில் வார்ப்பு சரியில்லை. அதே சுமையில் வந்த இரண்டு அச்சுகளில் லெம்மே விரிசல் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருந்தான். இரண்டுமே முப்பது மைல் தாண்டிய பிறகுதான் காட்டிக்கொடுத்தன. அது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டான்.

வண்டியை வாங்கியவர் டாக்டர் எஸ்ரா ஃபெல்ட். பாலத்துப் பக்கம் ஒரே ஒரு வீடு என்றேனே, அது அவருடைய வீடுதான். பத்தாவது நாள் நோயாளியைப் பார்க்கக் கிளம்பிப் போனார். பாலத்துச் சரிவில் முன் அச்சு இரண்டாக முறிந்தது. 'சாலை மோசம்' என்று எழுதி முடித்தார்கள். யாரும் லெம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்று பிற்பாடு ஓவனிடம் சொன்னானாம்.

சரி... அந்தச் சத்தத்துக்கு வருகிறேன்.

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாளும். தினம் ஐந்தரைக்கு. போகிற சத்தம் மட்டும்தான், திரும்பி வருகிற சத்தம் கிடையாது. நாலாவது நாள் ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பலாம் என்று ஆணியிலிருந்து கோட்டை எடுத்தான் லெம். கோட்டு நனைந்து கனத்தது. முன்பக்கம் முழுக்கச் சேறு. அடுப்புக்குப் பக்கத்தில், கூரைக்குக் கீழே, காலையிலிருந்து அதே ஆணியில்தான் தொங்கியது. வெளியே மழையும் இல்லை.

அன்றிலிருந்து தினம் கோட்டு நனைந்தது. உடம்பும் பழையபடி வலிக்கத் தொடங்கியது. நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனுக்கு உள்ளங்கையில் கொப்புளம். மணிக்கட்டு வீக்கம். குழந்தை இப்போது ராத்திரி நன்றாகத் தூங்கியது. லெம்மும் படுத்த உடனே தூங்கினான். ஆனால் விடியும்போது படுத்ததைவிடக் களைத்து எழுந்தான். அந்தக் களைப்பு தூங்கினால் போகிற களைப்பு இல்லை. வேறு யாரோ உழைக்க, அலுப்பு மட்டும் இவன் உடம்பில் வந்து இறங்கின மாதிரி.

ஹெஸ்டர் கோட்டைத் துவைத்துத் துவைத்துப் பார்த்தாள். பத்து நாள் ஒன்றும் சொல்லவில்லை. பதினோராவது நாள் கோட்டை மேஜைமேல் போட்டாள்.

"லெம், இது நீலக் களிமண்ணு. இந்த ஊர்ல கிடையாது. பாலத்துகிட்ட மட்டும்தான் இருக்கு. பகல்ல கம்பெனியைப் பூட்டிட்டு எங்க போற?"

"எங்கயும் போகல."

"பாலத்துப் பக்கம் ஒரே ஒரு வீடு. அதுல ஒரே ஒரு பொம்பள. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல."

"ஹெஸ்டர்... நான் நாற்காலியை விட்டு எழுந்திரிக்கக்கூட முடியாம உக்காந்திருக்கேன். எனக்குப் போய்..."

"அப்ப ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமாப் போவோம். அந்தம்மா மூஞ்சியைப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

ஓவனிடம் குழந்தையை விட்டுவிட்டு, அவனுடைய குதிரை வண்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். நாலு மணி இருக்கும். மிஸஸ் ஃபெல்ட்தான் வந்து கதவைத் திறந்தாள். கையெல்லாம் ரொட்டி மாவு. லெம்மைப் பார்த்தாள். ஒரு ஆச்சரியமும் இல்லை அந்த முகத்தில்.

"இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டீங்களே. காப்பி இன்னும் போடல."

ஹெஸ்டர் லெம்முடைய கையை விட்டாள்.

"தினம் வராரா?" என்று கேட்டாள்.

"நீங்க அவர் வீட்டுக்காரியா? உள்ள வாங்க, வெளியில குளிருது. தினம் வராரு. ஆறு மணிக்கு. அந்தச் சட்டம் மட்டும் இருக்கிற வண்டியில. வாசல்ல நிறுத்துவாரு. இறங்க மாட்டாரு, பேச மாட்டாரு. நான் காப்பி கொண்டுபோய்க் கொடுப்பேன். கோப்பையைக் கையில பிடிச்சு வச்சிருந்துட்டு அப்படியே திருப்பித் தந்துடுவாரு. ஒரு வாய்கூடக் குடிக்கிறதில்ல. என் வீட்டுக்காரர் செத்த வண்டி இவங்க செஞ்சது, மனசு கேக்காம வந்துட்டுப் போறாருன்னு நினைச்சுக்கிட்டேன்."

ஹெஸ்டருக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மெதுவாகச் சொன்னாள். "அம்மா... ஆறு மணிக்கு இவர் வீட்டுக்கு நடந்து வந்துக்கிட்டிருப்பாரு. ஆறே காலுக்கு எங்க வீட்டு மேஜையில பீன்ஸ் சாப்பிட்டுக்கிட்டிருப்பாரு. ஒரு நாள்கூட தப்பினதில்ல. எங்க வீட்டுலயும் கடிகாரம் இருக்கு."

அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும்.

லெம் கேட்டான். "அந்த ஆளு... வண்டியில எப்படிம்மா உக்காந்திருப்பான்?"

"தூங்கறவர் மாதிரி. ஆனா கண்ணு திறந்திருக்கும்."

அப்போதுதான் லெம் சொன்னான். நின்றுகொண்டே, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னான். களஞ்சியம், வைக்கோல், குட்டைத் தண்ணீர், அட்டை, விரிசல் விட்ட இரண்டு அச்சு. எதையும் மறைக்கவில்லை. "நூத்தி முப்பத்தெட்டை நான் ஓட்டவே இல்லம்மா."

மிஸஸ் ஃபெல்ட் விரல்களில் ஒட்டியிருந்த மாவை ஒவ்வொன்றாக உருட்டி எடுத்தாள்.

"எவ்வளவு நேரம் தூங்கினீங்க?"

"மூணு மணி நேரம்."

"நல்ல தூக்கமா?"

லெம்மால் பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாம்மா. அந்த வருஷத்துலயே அதுதான் நல்ல தூக்கம்."

"என் வீட்டுக்காரர் அன்னைக்குக் கிளம்பறப்ப மூணு நாளாத் தூங்கல. கிரீன் வீட்டுப் பிள்ளைங்களுக்குத் தொண்டை அடைப்பான். வந்து தூங்கறேன்னுட்டுப் போனாரு." கதவைத் திறந்து பிடித்தாள். "இனிமே இங்க வராதீங்க. ரெண்டு பேரும்."

தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று ஹெஸ்டர் நினைத்தாள். லெம்முக்கு வேறு மாதிரிப் புரிந்தது, தன்னையும் அந்த வண்டியில் வருகிறவனையும் என்று.

குதிரை வண்டியில் திரும்பினார்கள். ஊர் வந்ததும் லெம் சொன்னான். "கம்பெனியில ஒரு வண்டி மிச்சம் இருக்கு. இருநூத்திப் பன்னெண்டு. மேல்கூடு போடாதது. நாளைக்கு அதை நாப்பது மைல் ஓட்டப் போறேன்."

"ஓட்டி?"

"தெரியாது. பாக்கி இருக்கிறதை ஓட்டணும், அவ்வளவுதான். மணல் மூட்டை ரெண்டு கட்டணும்."

"மணல் மூட்டை எதுக்கு? நான் ஏறி உக்காந்துக்கறேன்."

"ஹெஸ்டர்..."

"உன்னைத் தனியா விட்டா மறுபடியும் எங்கயாவது படுத்துத் தூங்கிடுவே" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழந்தையை ஓவனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். பின்னால் ஒரு பலகை போட்டு, ஹெஸ்டர் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். சோப்புப் பெட்டியில் லெம். ஒற்றை விளக்கு. முகத்தில் ஊசி மாதிரிக் காற்று. லெம் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினான். எட்டாவது மைல்... ஒன்பதாவது மைல்...

பின்னாலிருந்து வந்தது. டப்-டப்-டப்... இருமல். டப்-டப்-டப்... இருமல்.

ஹெஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தோல் தீய்ந்த வாசனை முதலில் வந்தது. அப்புறம் சூடு. அப்புறம், விளக்கே இல்லாமல், இவர்களுடைய வண்டிக்குப் பக்கத்திலேயே அது வந்தது. கை நீட்டினால் தொடலாம்.

லெம் பார்த்தான். சோப்புப் பெட்டிமேல் அவனே உட்கார்ந்திருந்தான். நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் சேறு. வாய் கொஞ்சம் திறந்து, தலை லேசாக ஆடி ஆடி... கண் மட்டும் விரியத் திறந்து, எதையும் பார்க்காமல். மனிதனுக்கு அவ்வளவு களைப்பு வர முடியும் என்று அதுவரைக்கும் தனக்குத் தெரியாது என்றானாம் லெம்.

அப்புறம் முன் சக்கரத்தைப் பார்த்தான். சோதனை ஓட்டுநர் கண் அங்கேதான் போகும். இடது சக்கரம் சாய்ந்து ஆடியது. அச்சு போகப் போகிறது.

"டேய்! நிறுத்துடா! அச்சு விட்டுடுச்சு, நிறுத்து! லெம்! லெம்! எந்திரிடா!"

தன் பெயரைத் தானே சொல்லிக் கத்தினான். தொண்டை கட்டிப்போகும் வரைக்கும் கத்தினான். அந்தத் தலை திரும்பவே இல்லை. வண்டி இவர்களைத் தாண்டியது. முன்னால் போனது. மிஸஸ் ஃபெல்ட் வீட்டு வாசலில் அன்றைக்கு நிற்கவில்லை. பாலத்துச் சரிவில் இறங்குகிற சத்தம் கேட்டது. டப்-டப்-டப்...

அதோடு சரி. விழுந்த சத்தம்கூட இல்லை. ஆற்றுத் தண்ணீர் சத்தம் மட்டும்.

லெம் நிறுத்தவில்லை. பாலத்தைத் தொட்டுத் திரும்பி, கம்பெனி வாசல் வந்து, மறுபடியும் பாலம் போய், நாற்பது மைலையும் ஓட்டி முடித்தான். அவனைத் தூங்கவிடாமல் ஹெஸ்டர் பின்னாலிருந்து ஏதேதோ பேசிக்கொண்டே வந்தாள். அம்மா வீட்டுக் கோழி, ஓபலுக்கு முளைத்த பல், ஓவனுக்குப் பெண் பார்த்த கதை. பக்கத்தில் வந்த வண்டியில் என்ன பார்த்தாய் என்று பிற்பாடு ஓவன் கேட்டான். சட்டத்தையும் சக்கரத்தையும் பார்த்தேன் என்றாள். பெட்டிமேல் யாரும் இல்லை என்றாள்.

அன்றைக்கு ராத்திரி படுத்த லெம் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தான். ஐந்தரைக்குச் சத்தம் வரவில்லை. கோட்டு ஆணியில் காய்ந்தே கிடந்தது. டிசம்பரில் ஏலம் நடந்தது. ஹேல்பெக் கொட்டகையில் தக்காளியை டப்பாவில் அடைக்க ஆரம்பித்தார்கள். லெம் குடும்பத்தோடு டோலிடோ நகரத்துக்குப் போய் ஒரு மரக்கடையில் சேர்ந்தான். வாழ்நாளில் அப்புறம் ஒரு ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை. நன்றாக இருந்தான். சதை போட்டான்கூட.

முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

இருபத்துநாலாம் வருஷம் பாலத்துச் சாலைக்கு சிமென்ட் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வேலையில் ஓவனும் இருந்தான். மிஸஸ் ஃபெல்ட் அதற்குள் காலமாகிவிட்டாள், வீடு பூட்டிக் கிடந்தது. அக்டோபர் கடைசி. பனி விழ ஆரம்பித்துவிட்டதால், அன்றன்று போட்ட சிமென்ட் மேல் சாயங்காலம் வைக்கோலைப் பரப்பி, சாக்கால் மூடிவிட்டு வருவார்கள். அந்த வீட்டுக்கு எதிரே போட்ட மறுநாள் காலையில் ஓவன்தான் முதலில் போனான். சாக்கு கலையவில்லை. வைக்கோல் கலையவில்லை. சுற்றிலும் பனியில் ஒரு காலடி கிடையாது. சாக்கை விலக்கி வைக்கோலை ஒதுக்கினான்.

சிமென்ட்டில் ஓர் ஆள் படுத்த பள்ளம். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தலைக்கு வைத்துப் படுத்த பள்ளம். லெம் எப்போதும் அப்படித்தான் தூங்குவான்.

யாரும் வருவதற்குள் கலவையைப் போட்டுப் பூசி மூடிவிட்டான் ஓவன். மறுநாள், அடுத்த துண்டில், பத்தடி தள்ளி அதே பள்ளம். பூசினான். அன்றைக்கே டோலிடோவுக்கு ஒரு கடிதம் போட்டான், எப்படி இருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டு. லெம்மே பதில் எழுதினான். எல்லாரும் சௌக்கியம், நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதியிருந்தான். ஓவன் அக்காளுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலையிலும் பள்ளம் இருந்தது. அன்றைக்கு ஓவன் உடனே பூசவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் குந்தினான். சிமென்ட்டை அங்கே இங்கே தொட்டுப் பார்த்தான். எல்லா இடமும் ஐஸ் மாதிரி இருந்தது. அப்புறம் அந்தப் பள்ளத்துக்குள் கையை வைத்தான்.

அங்கே மட்டும் கதகதப்பாக இருந்தது. இப்போதுதான் ஒருவர் எழுந்து போன படுக்கை மாதிரி.